தேரிக்காட்டுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஃபோனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கத்திரி வெயிலில், திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் ஷூட்டிங். கேமராவில் ஃபோகஸ் பார்க்கும் ஃபர்ஸ்ட் அசிஸ்டென்டாக உனக்கு இதுதான் முதல் அவுட்டோர். கேமரா வண்டியோடு ஊர் ஊராக அலைந்த அட்டெண்டர் என்ற உரிமையில் சிலதைச் சொல்கிறேன்.

எல்லோரும் உன்னை வெயிலைக் காட்டித்தான் பயமுறுத்துவார்கள். எனக்கு அதைவிடப் பயம், நீங்கள் தங்கும் லாட்ஜின் ஏசி. ராத்திரி முழுக்க 20 டிகிரியில் குளிர்ந்த கேமராவைக் காலை ஏழு மணிக்கு வெளியே எடுக்கிறாய் என்று வை. அங்கே 30 டிகிரி, கடல் பக்கம் என்பதால் ஈரப்பதம் 80 சதவீதம். அந்தக் காற்றில் 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருள்மீதும் நீர் படியும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வேர்க்கிறதே, அதேதான். கண்ணாடிக்கு வெளியே படிந்தால் காய்ந்துவிடும். லென்ஸின் உள் கண்ணாடிகளிலோ லென்ஸ் மாட்டும் மவுண்ட்டுக்குள்ளோ படிந்தால் அன்றைய காலை வேலை போச்சு.

உங்கள் அலெக்ஸா மினி எல்எஃப் கேமரா மைனஸ் 20 முதல் 45 டிகிரி வரை வேலை செய்யும் என்று தயாரித்த கம்பெனியே சொல்கிறது. 95 சதவீத ஈரப்பதமும் அதற்குச் சம்மதம்தான், நீர் படியாதவரை. அந்த நிபந்தனையைத்தான் யாரும் படிப்பதில்லை.

ஆகவே பெட்டிகளை ஏசி இல்லாத அறையில் வைக்கச் சொல். மேனேஜர் முனகுவார், முனகட்டும். ஏசியில்தான் வைத்தாக வேண்டும் என்றால் கேமராவையும் லென்ஸ்களையும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டிப் பெட்டியில் வை. லொகேஷனில் இறக்கியதும் நிழலில் ஒரு மணி நேரமாவது திறக்காமல் விடு. நீர் படிவதானால் பைமேல் படியட்டும். பெரிய ஜூம் லென்ஸுக்கு இன்னும் நேரம் வேண்டும். அவ்வளவு கண்ணாடியும் உலோகமும் சட்டென்று சூடேறாது. ஃபிலிம் காலத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவின் டேப்பை உடனே பிரிக்க எங்களை விட மாட்டார்கள். டிஜிட்டல் வந்ததும் அந்தப் பொறுமை காணாமல் போய்விட்டது.

ஒருவேளை நீர் படிந்துவிட்டால் துடைத்துக்கொண்டே இருக்காதே. குளிர் போகும்வரை திரும்பத் திரும்பப் படியும். ஹேர் டிரையர் பிடிக்காதே. லென்ஸைக் கழற்றாதே. "இன்னும் அரை மணி நேரம் ஆகும் சார்" என்று கேமராமேனிடம் நேராகப் போய்ச் சொல். உதயம் போகிறதே என்று டைரக்டர் குதிப்பார். உன் வேலையில் ஃபோகஸைவிடக் கடினமான பகுதி இதுதான். முதல் நாள் ராத்திரியே சொல்லி வைத்தால் கால்ஷீட்டில் அந்த நேரத்தையும் சேர்த்துப் போடுவார்கள், சண்டையே வராது.

வெயிலுக்கு வருகிறேன். 45 டிகிரி என்பது காற்றின் கணக்கு. வெயிலில் நிற்கும் கேமராவின் கறுப்பு உடம்பு அதைவிட அதிகமாகக் கொதிக்கும். பெரிய வெள்ளைக் குடையோடு ஒரு ஆளைக் கேமராவுக்கென்றே கேட்டு வாங்கு. மேலே வெள்ளைத் துணி போடலாம், ஆனால் காற்று போகும் வழியை அடைக்காதே. சத்தம் வரக்கூடாது என்று டேக்கின்போது ஃபேன் வேகத்தைக் குறைத்து வைத்திருப்பீர்கள். டேக்குக்கு டேக் இடைவெளியில் அது முழு வேகத்தில் சுற்ற வேண்டும். சென்சார் சூடாகச் சூடாக படத்தின் இருட்டான இடங்களில் புள்ளிப் புள்ளியாக நாய்ஸ் கூடும். ஐஸ் பையைக் கேமரா மேல் வைக்கிறேன் என்று யாராவது வந்தால் துரத்திவிடு. வெயிலில் நின்றுகொண்டே நீரை வரவழைக்கிற வேலை அது.

வியூஃபைண்டரின் கண் பக்கத்தைச் சூரியனைப் பார்க்க ஒரு நிமிஷமும் விடாதே. அதிலுள்ள லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். சூடான பேட்டரியை உடனே சார்ஜில் போடாதே, ஆறட்டும். பேட்டரியோ கார்டோ, பூட்டிய காருக்குள் எதையும் விட்டு வைக்காதே.

தேரி மணல் பார்க்க அழகு, செக்கச்செவேல் என்று இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேகம் எடுத்தால் காதுக்குள்ளும் அதுதான். அலெக்ஸாவின் எலெக்ட்ரானிக்ஸ் மூடிய அறையில் இருப்பதால் ஃபேன் இழுக்கும் தூசி அங்கே போகாது. லென்ஸ் மாற்றும்போது திறந்து கிடக்கும் கேமராவின் வாய்தான் ஆபத்து. வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மாற்று, ஏசியை அணைத்துவிட்டு. ஃபில்டரில் மணல் இருந்தால் முதலில் ஊது, பிறகு பிரஷ், துணி கடைசியில்தான்.

சிலிக்கா ஜெல் பைகள் நிறைய வாங்கிக்கொள். நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது, மாற்று. அரிசி மூட்டைக்குள் வைக்கும் வைத்தியமெல்லாம் வேண்டாம், அந்தத் தவிடு லென்ஸுக்குள் போய் உட்காரும்.

சென்னை திரும்பியதும் எல்லாவற்றையும் உப்புக்காற்றுப் போகத் துடைத்துக் காயவிட்டு, லென்ஸ் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை. அதை மற்ற லென்ஸ்களோடு பெட்டியில் வைக்காமல் தனியாக எடுத்துக் வாடகைக்குக் கொடுத்த கம்பெனியின் அட்டெண்டரிடம் காட்டி, எழுதி வாங்கிக்கொள். போகும்போதும் இதே சோதனையைச் செய்துவிட்டுப் போ; பழைய பூஞ்சைக்கு உன் தலையை உருட்டுவார்கள்.

அன்புடன்,
அப்பா