பனியின் மேல் பழி போடும் கிட்டார் பட்டறை

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் கொட்டகலைப் பக்கம் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை. ஆர்டரின் பேரில் கிட்டார் செய்து தரும் கொழும்புப் பட்டறை ஒன்றிடம் என் மாணவி ஒருத்தியின் குடும்பம் பட்ட பாட்டைத் தங்கள் பத்திரிகை வழியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

பிள்ளைக்கு இடக்கைப் பழக்கம். ஹட்டனில் கடைகளில் தொங்குவதெல்லாம் வலக்கைக் கிட்டார்தான். தகப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், தாய் கொழுந்து பறிக்கிறார். சீட்டு எடுத்த காசில் 85,000 ரூபா கொடுத்து இடக்கைக் கிட்டார் ஒன்றுக்குச் சொன்னார்கள். பாதி முற்பணம், மீதி அனுப்புவதற்கு முன். தைப்பொங்கலுக்குத் தருகிறோம் என்றார்கள். சித்திரைப் புத்தாண்டும் கழிந்து, மழை பிடித்த பிறகுதான் பெட்டி வந்து சேர்ந்தது. தாமதத்தைக்கூட விட்டுவிடலாம். வந்த சாமானைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டிகளை ஃப்ரெட் என்போம். கழுத்து ஓரத்தில் 3, 5, 7, 9, 12ஆம் ஃப்ரெட்டுகளுக்கு நேரே சின்னப் புள்ளிகள் இருக்கும். வாசிப்பவர் குனிந்து பார்த்து விரலை வைப்பதற்காக வைத்தவை. இந்தப் பிள்ளை கிட்டாரை மடியில் வைத்தால் புள்ளிகள் எல்லாம் தரையைப் பார்க்கின்றன. அதாவது, ஆயத்தமாக இருந்த வலக்கைக் கழுத்தை எடுத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் சாடில். கிட்டாரின் உடம்பில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிஜில், அவை ஏறி நிற்கும் அந்த வெள்ளைத் துண்டு நேராக இருக்காது, சற்றுச் சாய்வாக இருக்கும். தடித்த கம்பியை அழுத்தும்போது சுருதி கூடுதலாக ஏறும், அதை ஈடுகட்ட அந்தப் பக்கம் 2, 3 மில்லிமீற்றர் பின்னால் தள்ளி வைப்பார்கள். இடக்கைக் கிட்டாரில் இந்தச் சாய்வு அப்படியே மறுபக்கம் திரும்ப வேண்டும். இதில் திரும்பவில்லை. கைபேசியில் சுருதி காட்டும் டியூனரை வைத்துப் பார்த்தேன். தடித்த ஆறாவது கம்பியை வெறுமனே மீட்டினால் சுருதி சரி. 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தினால் முள் வலப்பக்கம் ஓடுகிறது, அதாவது சுருதி ஏறிவிடுகிறது. கம்பியை மாற்றிப் பார்த்தும் அதே கதைதான். கழுத்தில் மேலே போகப் போக சுருதி சேராத வாத்தியத்தில் ஒரு பிள்ளைக்கு நான் எப்படிக் காதைப் பழக்குவது?

ஃப்ரெட்டுகளின் முனையை ஒழுங்காக அராவவும் இல்லை. கையை மேலும் கீழும் ஓட்டினால் கீறுகிறது. 12ஆம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி 4 மில்லிமீற்றரையும் தாண்டி நிற்கிறது. பாதியளவு இருந்தால் சின்ன விரல்களுக்கு அளவாக இருக்கும்.

பட்டறைக்குக் கதைத்தேன். "டீச்சர், உங்க பக்கம் பனி கூட. மரம் அப்படித்தான் இழுக்கும்" என்றார் முதலாளி. பனி கூடத்தான், மறுக்கவில்லை. மே மாதம் தொடங்கும் மழையில் இங்கே அலுமாரிக்குள் இருக்கும் உடுப்பே பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தை இழுத்து மரம் உப்பும், கிட்டாரின் மேற்பலகை எழும்பும், கம்பியும் சேர்ந்து உயரும். ஆனால் கிட்டார் எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்துதானே ஆர்டர் எடுத்தீர்கள்? நன்றாகக் காய்ந்த மரத்தில், ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வேலை செய்வதற்காகத்தானே கடை விலையை விடக் கூடுதலாக வாங்குகிறீர்கள்? கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் திருகும் சாவியைக்கூட அனுப்பவில்லை. அதோடு, எந்தப் பனியும் புள்ளியை மறுபக்கம் கொண்டுபோகாது, சாடிலின் சாய்வைத் திருப்பாது.

"கொழும்புக்குக் கொண்டு வாங்க, பார்ப்போம்" என்கிறார்கள். தகப்பனுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், பஸ் செலவு வேறு. கூரியரில் அனுப்பினால் வழியில் உடைவதற்குப் பொறுப்பில்லையாம். சொன்ன அளவுகள் எல்லாம் வட்ஸ்அப் குரல் பதிவில்தான் இருக்கின்றன. கொடுத்த பற்றுச்சீட்டில் "கிட்டார் 1" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. இடக்கை என்றுகூட எழுதவில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லியே அந்த மூன்று மாதத்தையும் கரைத்துவிடலாம் என்பது கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சொல்லிச் செய்விக்கும் பொருட்களுக்கு, திருத்தித் தருவதாகக் கடைசியாக வாக்குக் கொடுத்த நாளிலிருந்து காலத்தை எண்ணும்படி அதிகார சபை ஒரு வழி செய்ய வேண்டும். இதே நிலையில் இருக்கும் பெற்றோர் அதுவரை காத்திருக்க வேண்டாம். அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள், முறைப்பாட்டை உடனே எழுத்தில் கொடுங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே இடக்கையா வலக்கையா, என்ன மரம், எந்தத் திகதி என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வாசித்துப் பார்க்கும் வரை ஒரு பங்குப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். நல்ல வேலைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

இந்தப் பட்டறையிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பிள்ளைக்கு உண்மையான இடக்கைக் கழுத்தைப் பூட்டி, சாடிலைச் சரியான சாய்வில் வைத்துக் கொடுங்கள். முடியாவிட்டால் 85,000 ரூபாவையும் திருப்பிக் கொடுங்கள். எதுவானாலும் கிட்டாரைக் கொழும்புக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் செலவும், வழியில் உடைந்தால் அதற்கான பொறுப்பும் உங்களுடையவை.

இப்படிக்கு,
இசை ஆசிரியை,
கொட்டகலை.