எந்த எள் என்று சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் எள் வெண்ணெய் (எள்ளை வெண்ணெய் மாதிரி அரைத்த விழுது) பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எள்ளைத் தீபாவளிக்கும் திதிக்கும் மட்டும் நினைக்கிற வீடுகளில் அது தினசரி உணவாக வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் "பாலைவிட எட்டு மடங்கு கால்சியம்" என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. இதே கணக்கை நம்பி ஏழு மாதத்தை வீணாக்கியவள் நான்.

என் அம்மாவுக்கு 74 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எலும்பு தேய்ந்திருக்கிறது, கால்சியம் அதிகமாகச் சேருங்கள் என்றார் டாக்டர். அம்மாவுக்குப் பால் வாசனையே குமட்டும், தயிரும் பிடிக்காது. அப்போதுதான் எள் வெண்ணெய் பற்றி எங்கோ படித்துவிட்டு, ஒரு புட்டி வாங்கி வந்தேன். வெளிர் மஞ்சளாக, கசப்பே இல்லாமல், வாயில் வைத்தால் கரைகிற மாதிரி இருந்தது. தினமும் இரண்டு ஸ்பூன் தோசையில் தடவிக் கொடுத்தேன். இனிப் பால் வேண்டாம், எல்லாம் இதிலேயே கிடைத்துவிடும் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, அங்கிருந்த உணவு ஆலோசகர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தோல் எடுத்த எள்ளா, தோலோடயா?" எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புரதம், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் போட்டிருந்தது. எள்ளுக்குத் தோல் இருந்ததா இல்லையா என்பதும் இல்லை, கால்சியம் என்ற பேச்சும் இல்லை.

எள்ளின் கால்சியம் பெரும்பாலும் அதன் மெல்லிய தோலில்தான் இருக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, தோலோடு உள்ள எள் 100 கிராமில் சுமார் 975 மில்லிகிராம் கால்சியம். தோல் நீக்கினால் அது 60 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. லெபனான், பாலஸ்தீனப் பக்கத்தில் தஹினி என்று சொல்கிற எள் வெண்ணெய் பெரும்பாலும் தோல் நீக்கிய எள்ளில்தான் அரைக்கப்படுகிறது. எள்ளை ஊறவைத்துத் தோலைக் கழற்றி, உப்புத் தண்ணீரில் போட்டுத் தோலைத் தனியே பிரித்து, பிறகு வறுத்து அரைப்பது அங்கே வழக்கம். கசப்பு போய் வெண்ணெய் மாதிரி வருவதற்குக் காரணம் இதுதான். அதே அட்டவணையில் தஹினி என்ற பெயரிலேயே சில பதிவுகள் உண்டு. ஒன்றில் 141 மில்லிகிராம், இன்னொன்றில் 426. தோல் எவ்வளவு போனது, எப்படிப் போனது என்பதைப் பொறுத்து அவ்வளவு வித்தியாசம்.

அப்புறம், 100 கிராம் கணக்கே நமக்கு உதவாது. எள் வெண்ணெயை யாரும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி என்பது 15 கிராம். தோலோடு அரைத்ததாக இருந்தால் அதில் 145 மில்லிகிராம் வரும், முழுக்கத் தோல் நீக்கியதாக இருந்தால் 10கூட வராது. ஒரு டம்ளர் பாலில் 240 மில்லிகிராம் இருக்கிறது. வயதுவந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். உங்கள் கட்டத்தைப் படித்த ஒரு வயசானவர் டம்ளர் பாலை நிறுத்திவிட்டு ஒரு ஸ்பூன் எள் வெண்ணெய்க்கு மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தோலில் இருக்கிற கால்சியத்திலும் ஒரு பகுதி ஆக்சலேட் என்ற பொருளோடு பிணைந்திருப்பதால், அது முழுதாக உடம்பில் சேராது.

இதையெல்லாம் சொல்வதால் எள் வெண்ணெய் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுரையில் இரண்டே வரியில் கடந்துபோன விஷயங்கள்தான் அதன் நிஜமான பலம். முழு எள்ளை மென்றாலும் ஒரு பகுதி அப்படியே வெளியே போய்விடும். பல் இல்லாதவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அரைத்த எள் அப்படியில்லை. 100 கிராமுக்கு 17 கிராம் புரதம் இருக்கிறது. மக்னீசியம், துத்தநாகம், செம்பு எல்லாம் உண்டு. அதன் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு. புரதம் பல அமினோ அமிலங்கள் சேர்ந்தது; எள்ளின் புரதத்தில் அவற்றில் லைசின் என்பது குறைவு, மெத்தியோனின் என்பது அதிகம். பருப்பு வகைகளில் இது நேர் எதிர். கொண்டைக்கடலையோடு தஹினியைச் சேர்த்து ஹம்முஸ் அரைக்கிறார்களே, அதில் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. நம் வீட்டு இட்லிப் பொடியில் உளுந்தோடு எள் சேர்வதும் அதே கணக்குதான். ஹம்முஸில் எலுமிச்சை பிழிவதால் எள்ளின் இரும்புச்சத்தும் கூடுதலாக உடம்பில் ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறையும்.

ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 90 கலோரி என்பதையும் போட்டிருக்கலாம். "இளைத்தவனுக்கு எள்ளு" என்று சும்மாவா சொன்னார்கள்! எடை குறைக்க நினைப்பவர்கள் அளந்துதான் எடுக்க வேண்டும். என் அம்மாவைப் போல உடம்பு வற்றிப்போனவர்களுக்கு அதே 90 கலோரி பெரிய துணை.

ஒவ்வாமை பற்றிக் கட்டுரை ஒன்றுமே சொல்லவில்லை. எள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாக எள்ளைச் சேர்த்து, புட்டியில் கட்டாயம் குறிப்பிடச் செய்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு முதல்முறை கொடுக்கிற தாய்மார்கள் படிக்கிற பத்திரிகை உங்களுடையது.

இப்போது நானே வீட்டில் அரைக்கிறேன். கறுப்பு எள்ளைக் கல், மண் போக நாலு தண்ணீரில் அரித்து, வெயிலில் காயவைத்து, படபடவென்று பொரிகிற வரை மிதமான தீயில் வறுத்து, ஆறியதும் மிக்ஸியில் போடுகிறேன். முதலில் பொடிதான் வரும். பிறகு ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொண்டு, இனி அரையாது என்று தோன்றும். அங்கேதான் பலர் எண்ணெய் ஊற்றிவிடுகிறார்கள். ஊற்ற வேண்டாம். ஓரத்தை வழித்துவிட்டு, ஜார் சூடானால் ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். நாலாவது, ஐந்தாவது தடவையில் எள்ளே எண்ணெய் விட்டுப் பளபளவென்று இளகிவிடும். லேசாகக் கசக்கும். துளி கருப்பட்டி சேர்த்தால் அம்மா கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். மீதிக் கால்சியத்துக்குக் கேழ்வரகும், நெத்திலியும், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் இருக்கின்றன.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. அடுத்த இதழில் அந்த எட்டு மடங்குக் கணக்கைத் திருத்தி, அது தோலோடு உள்ள எள்ளுக்கு மட்டும், அதுவும் எடைக்கு எடை பார்த்தால்தான் என்று போடுங்கள். எள் வெண்ணெய் தயாரிப்பவர்கள் தோல் நீக்கியதா, நீக்காததா என்றும், ஒரு கரண்டிக்கு எவ்வளவு கால்சியம் என்றும் புட்டியிலேயே அச்சடிக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். நான் எழுதிக் கேட்ட தயாரிப்பாளரிடமிருந்து இன்றுவரை பதில் வரவில்லை. நீங்கள் கேட்டால் வரக்கூடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு