ஒட்டுப் புத்தகங்களைப் பிரிக்காதீர்கள்: ஆஸ்திரேலியப் பழம்புத்தக வணிகர்களுக்கும் ஏலக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பழம்புத்தக வணிகர்களே, ஏலக் கூடத்தாரே,

வணக்கம். பதினைந்து வருடமாக உங்களிடம் வாங்கிக்கொண்டிருப்பவன் நான். ஆஸ்திரேலிய வரலாறு பற்றிய பழைய புத்தகங்கள் கொஞ்சம். அதைவிட அதிகமாகத் துண்டுக் காகிதங்கள். நாடக நோட்டீஸ், ரயில் டிக்கெட், மளிகைக்கடை பில், தேர்தல் துண்டறிக்கை. ஒரு தாளைக் கையில் எடுத்ததும் அதன் வயதைச் சொல்ல எனக்குக் கற்றுத்தந்தவர்கள் உங்களில்தான் இருக்கிறார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மெல்போர்னில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் ஓர் ஒட்டுப் புத்தகத்தை, அதாவது துண்டுத் தாள்களை நினைவுக்காக ஒட்டிவைக்கும் ஸ்கிராப்புக் ஆல்பத்தை, பார்த்தேன். பெண்டிகோ பக்கத்தில், தங்கவயலை நம்பி வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி 1880களில் ஒட்டியது. முதுகு விட்டுப்போயிருந்தது. மாவுப் பசை தடவிய இடங்களை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. உள்ளே விக்டோரியா அரசியின் 1887 பொன்விழா நிகழ்ச்சி நிரல், தேவாலயத் தேநீர் விருந்துச் சீட்டு, யாரோடு எந்த நடனம் என்று குறித்துக்கொள்ள, நூலில் குட்டிப் பென்சில் தொங்கும் ஒரு நடன அட்டை, அவளுடைய அப்பாவின் சுரங்க உரிமைச் சீட்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே, ஆல்பத்தின் தாளிலேயே, பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தாள். நடன அட்டைக்குக் கீழே, மழை, நடந்தே வீடு வந்தோம் என்று. சுரங்கச் சீட்டுக்குக் கீழே, அப்பா இதை மட்டும் எறிய விடமாட்டார் என்று.

அந்த இரண்டாவது வரியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். தங்கம் தோண்டுபவர்கள், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மாதம் 30 ஷில்லிங் கட்டி உரிமம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. 1854 நவம்பர் 29 அன்று பாலரட் தங்கவயலின் பேக்கரி ஹில்லில் சுரங்கத் தொழிலாளர்கள் அந்த உரிமங்களைத் தீயில் போட்டார்கள். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 3 விடியலில், அவர்கள் எழுப்பியிருந்த யுரேக்கா அரணை அரசுப் படை தாக்கியதில் உயிர்கள் போயின. அதற்குப் பிறகு, 1855இல் வந்ததுதான் வருடத்துக்கு ஒரு பவுண்டு சுரங்க உரிமை. ஓட்டுரிமையும் அதோடு சேர்ந்து வந்தது. ஒரு மனிதர் அந்தச் சீட்டைத் தூக்கிப்போட மறுத்தார் என்பதை அவர் மகள் எழுதிவைத்த ஒரு வரிதான் நமக்குச் சொல்கிறது. சீட்டு மட்டும் இருந்தால் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு எண். அவ்வளவுதான்.

அன்று புத்தகம் வேறொருவர் கைக்குப் போனது. நான்கு மாதம் கழித்து ஓர் ஏலப் பட்டியலில் திரும்பப் பார்த்தேன், பதினொரு லாட்டாக, அதாவது தனித்தனியாக ஏலம் போகும் பதினொரு உருப்படியாக. எல்லாவற்றையும் நீரில் ஊறவைத்து உரித்து, தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார்கள். ஆல்பத்தின் தாள்கள் எங்கே என்று கேட்டேன். வெறும் தாள்தானே, எறிந்தாயிற்று என்றார்கள்.

இதைச் சட்டம் தடுக்காது. 1986ஆம் ஆண்டின் அசையும் பண்பாட்டுப் பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டம் அரிய பொருள்கள் நாட்டை விட்டு வெளியேறுவதைத்தான் கட்டுப்படுத்துகிறது. உள்ளூரில் ஒருவர் தன் மேசையில் ஓர் ஆல்பத்தைக் கிழித்தால் கேட்க ஆள் இல்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

எது மதிப்புள்ளது என்று பிரிப்பவருக்குத் தெரியும் என்று நாம் நம்புகிறோம். தெரியாது. 1796 ஜூலை 30 அன்று சிட்னியில் நடந்த நாடகத்துக்கு ஜார்ஜ் ஹியூஸ் அச்சடித்த நோட்டீஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் அச்சாகி இன்று எஞ்சியிருப்பவற்றில் அதைவிடப் பழையது எதுவும் கிடைக்கவில்லை. அது கிடைத்தது எங்கே? கனடாவில், ஒட்டாவாவில், தேசிய நூலகத்தில் இருந்த ஓர் ஒட்டுப் புத்தகத்துக்குள். 2007இல் கனடா அதை ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாகவே கொடுத்தது. அந்த ஒட்டுப் புத்தகம் கைமாறிய வழியில் யாராவது ஒருவர் விலைபோகிறதை மட்டும் உரித்தெடுத்து மிச்சத்தை எறிந்திருந்தால், அன்று யாரும் பெரிதாக நினைக்காத ஊரின் அந்தச் சின்ன நாடக நோட்டீஸ் எந்தப் பக்கம் விழுந்திருக்கும்?

உங்கள் தொழிலின் பெரிய வாடிக்கையாளர் டேவிட் ஸ்காட் மிட்செல் முழுசாக வாங்கத் தயங்காதவர். 1906இல் ஆல்ஃபிரட் லீயின் சேகரிப்பை அப்படியே வாங்கினார். கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் பயணத்தில் இயற்கையியலாளர் ஜோசப் பாங்க்ஸ் எழுதிய நாட்குறிப்பு அதில் இருந்தது. 1907இல் அவர் இறந்தபின் எல்லாம் பொதுமக்களுக்கு வந்தது. 1910இல் மிட்செல் நூலகம் திறந்தது. ஜான் அலெக்சாண்டர் பெர்கசன், ஆஸ்திரேலியா பற்றிய தன் ஏழு தொகுதி நூற்பட்டியலில், ஒற்றைத் தாள்களையும் துண்டறிக்கைகளையும் புத்தகத்துக்குச் சமமாக வைத்துப் பதிந்தார். "பெர்கசனில் இல்லை" என்று பட்டியலில் போட்டு நீங்கள் விலையை ஏற்றுகிறீர்களே, அந்த மரியாதையைத் துண்டுத் தாளுக்கு வாங்கித் தந்தவர் அவர்தான்.

பணக் கணக்கு எனக்குப் புரிகிறது. முழு ஆல்பத்துக்குக் கிடைப்பதைவிடப் பதினொரு லாட்டுக்கு அதிகம் கிடைக்கும். வாரிசுகளும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஒற்றைத் தாளுக்குப் போட்டி போடும் எங்கள் பங்கும் இதில் உண்டு. அந்த ஏலத்தில் நானே இரண்டு லாட் வாங்கினேன்.

அதனால் நடக்கக்கூடியதைத்தான் கேட்கிறேன். ஒட்டுப் புத்தகம் ஒன்று வந்தால் முதலில் அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கோ மாநில நூலகத்துக்கோ ஒரு போன் பண்ணுங்கள். முழுசாக வாங்க ஆள் இருக்கிறதா என்று ஒரு மாதம் பாருங்கள். யாரும் இல்லை, பிரித்தே ஆக வேண்டும் என்றால் சரி, அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் வரிசை மாறாமல் படம் எடுங்கள். இன்று கைபேசியே போதும், அரை மணி நேர வேலை. அந்தப் படங்களின் பிரதி ஒவ்வொரு லாட்டோடும் போகட்டும். பென்சில் எழுத்தை அழிக்காதீர்கள். எந்த ஊர், எந்த மாதிரிக் குடும்பம் என்பதைப் பட்டியலில் எழுதுங்கள். அப்புறம், ஆல்பத்தில் பூர்வகுடி மக்களின் படங்களோ துண்டறிக்கைகளோ இருந்தால் விலை போடுவதற்கு முன் அந்தச் சமூகத்தாரிடம் பேசுங்கள். வெள்ளையர் குடியேறிய நாளைத் துக்க நாளாக அறிவித்து, 1938 ஜனவரி 26 அன்று சிட்னியில் அவர்கள் கூட்டம் நடத்தியபோது கையில் இருந்தது சுவரொட்டியும் சிறு பிரசுரமும்தான். அப்படிப்பட்ட தாள் ஒன்று வெளியே வந்தால் அந்தக் குடும்பங்களுக்குத் தெரியாமல் அது விலைபோகக் கூடாது.

என்னிடம் இருப்பது அந்தச் சுரங்கச் சீட்டும் நடன அட்டையும். நினைவில் இருந்த இரண்டு வரிகளையும் ஒரு தாளில் எழுதி உறைக்குள் வைத்திருக்கிறேன், ஆனால் அது என் கையெழுத்து. மற்ற ஒன்பது லாட்டும் உங்கள் மூலம் யாரிடம் போயின என்று தெரிந்தால் அவர்களிடம் இந்த மடலைக் காட்டுங்கள். ஒன்பதும் ஓரிடம் சேருமானால், என் இரண்டையும் விலையில்லாமல் பெண்டிகோவுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
மெல்போர்னிலிருந்து ஒரு சேகரிப்பாளர்