எங்கள் பங்கு 4 டாலர் 39 சென்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இதழில் அமெரிக்க விமானத்துறை பற்றி வந்த கட்டுரையில், அங்கே விமான நிலையங்களைத் தனியார்தான் கட்டினார்கள், அரசு ஒதுங்கிக்கொண்டது என்று ஒரு வரி. அயோவாவில் ஒரு சிறிய கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) விமான நிலையத்தில் 19 வருஷம் கணக்கு எழுதியவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஒதுங்கிக்கொண்டது ஒரு காலம். 1926-ல் வந்த விமான வணிகச் சட்டம் விமானிக்கு உரிமம், விமானத்துக்குத் தகுதிச் சான்று என்று எல்லாவற்றையும் வாஷிங்டன் கையில் கொடுத்தது. நிலையம் கட்ட மட்டும் பணம் கிடையாது. கப்பல் வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்: கலங்கரை விளக்கம் அரசுடையது, துறைமுகம் ஊர்க்காரர் பாடு. அதனால் தபால் விமானம் போகும் வழியில் சுமார் 10 மைலுக்கு ஒரு சுழல்விளக்கு அரசு செலவில் எரிந்தது. விமானிக்குத் திசை காட்டத் தரையில் போட்ட கான்கிரீட் அம்புக்குறிகளை யூட்டா, நெவாடா பக்கம் இன்றும் பார்க்கலாம். இறங்கும் இடத்துக்கான செலவைப் பல ஊர்களில் நகராட்சிதான் கடன்பத்திரம் விற்றுச் சமாளித்தது. பயணிகள் விமானம் வந்துபோகும் நிலையங்களில் பெரும்பாலானவை இன்றும் நகராட்சி, கவுண்டி, இல்லாவிட்டால் அவை அமைத்த ஆணையங்களின் சொத்துதான்.

1930-களின் பொருளாதார மந்தநிலைக் காலத்தில் வேலைவாய்ப்புத் திட்டம் என்ற பெயரில் மத்தியப் பணம் நுழைந்தது. நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையம் அப்படி எழும்பியதுதான். 1946-ல் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம் விமான நிலையங்களுக்கென்று ஏழு ஆண்டுக்கு 50 கோடி டாலர் என்று வெளிப்படையாகவே ஒதுக்கியது. பத்து ஆண்டு கழித்து கிராண்ட் கேன்யன் மேல் இரண்டு விமானங்கள் மோதி 128 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் 1958-ல் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்க எஃப்ஏஏ என்ற தனி மத்திய அமைப்பு வந்தது.

கட்டுரையாளர் முக்கியமாக விட்டது 1970. அந்த வருஷம் டிக்கெட்டில் 8 சதவீத வரி வைத்து (இப்போது ஏழரை) விமானத்துறைச் செலவுக்கென்றே தனி அறக்கட்டளை நிதி ஒன்று தொடங்கினார்கள். ஓடுபாதைக்குப் பணம் கொடுப்பது அன்றிலிருந்து பயணிதான்.

அந்தக் குழாய் அடைத்தால் என்ன ஆகும் என்பதை 2011 ஜூலையில் பார்த்தேன். நாடாளுமன்றத்தில் சண்டை, வரி வசூலிக்கும் அதிகாரம் காலாவதி. எஃப்ஏஏ ஊழியர் சுமார் 4,000 பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள், வாரத்துக்கு ஏறத்தாழ 20 கோடி டாலர் வசூல் போயிற்று. பல விமான நிறுவனங்கள் நின்றுபோன வரியின் அளவுக்குக் கட்டணத்தை ஏற்றி அதையும் பையில் போட்டுக்கொண்டன! எங்கள் ஊரில் அப்போது டாக்ஸிவே (விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் வழி) விளக்கு மாற்றும் வேலை. நூற்றுக்கு 95 மத்திய மானியம், அந்தக் காகிதம் வரவில்லை. ஒப்பந்தக்காரர் தினமும் காலையில் என் ஜன்னல் முன் வந்து நிற்பார். "அம்மா, பனி விழுந்தால் மண் தோண்ட முடியாது" என்பார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்தில் அது தீர்ந்தது. எங்கள் கோப்பு நகரச் செப்டம்பர் ஆகிவிட்டது.

மானியம் சும்மாவும் வராது. வாங்கினால் நிலையத்தை நடத்தியே ஆக வேண்டும், நிலைய வருமானத்தை ஊரின் வேறு செலவுக்குத் தொடக்கூடாது. 2003-ல் சிகாகோ மேயர் டேலி அந்த நகரின் மீக்ஸ் ஃபீல்டு என்ற சிறிய விமான நிலையத்தின் ஓடுபாதையை ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டிப்போட்டார். நகரம் 33,000 டாலர் அபராதம் கட்டியது, விமான நிலைய நிதியிலிருந்து எடுத்த 10 லட்சம் டாலரையும் திருப்பி வைத்தது.

உங்கள் வாசகர்கள் அங்கே பயணம் செய்தால் டிக்கெட்டின் அடியில் எக்ஸ்எஃப் என்ற இரண்டெழுத்தைத் தேடிப் பார்க்கட்டும். பயணி ஏறும் நிலையத்துக்கு நேராகப் போகும் கட்டணம் அது. உச்சவரம்பு 4 டாலர் 50 சென்ட். அதில் 11 சென்ட்டை வசூல் கூலியாக விமான நிறுவனம் எடுத்துக்கொள்ளும். மாதாமாதம் அந்த 4.39-ஐப் பயணி எண்ணிக்கையால் பெருக்கிச் சரிபார்த்தது நான்தான். அந்த வரம்பை 4.50 ஆக்கிய சட்டம் 2000-ல் வந்தது. சிமென்ட்டும் தாரும் எவ்வளவோ விலை ஏறிவிட்டன. நான் ஓய்வு பெற்ற அன்றும் அதே 4.50, இன்றும் அதே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
அயோவா