அரீனா ராக் குழுக்களை ஒரே தட்டில் வைக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய அரங்குகளில் திரளான கூட்டத்துக்கு இசைக்கப்பட்ட எழுபதுகளின் அமெரிக்க அரீனா ராக் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, கான்சஸ், ஸ்டிக்ஸ், ஜர்னி, ஃபாரினர் ஆகிய குழுக்கள் யாவும் நீண்ட, சிக்கலான இசையமைப்பைக் கொண்ட இங்கிலாந்தின் புரோக்ரெசிவ் ராக்கை எளிமையாக்கி விற்றவை என்று ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

இங்கிலாந்தின் புரோக்ரெசிவ் ராக் குழுவான கிங் கிரிம்சனைத் தொடங்கியவர்களுள் ஒருவரான இயன் மெக்டொனால்ட் இடம்பெற்றிருந்ததால், அந்தப் பாதிப்பு ஃபாரினரிடமே மிகுதி என்கிறார் கட்டுரையாளர். 1976-இல் அக்குழு உருவானபோதே அவர் அதில் இருந்தார்; 1980-இல் விலகினார். ஆனால், 1977-இல் வந்த முதல் ஆல்பத்தில் நாம் கேட்பவை பெரும்பாலும் பல்லவியை நோக்கி விரையும் கச்சிதமான பாடல்களே. ஆள் வந்தார், அவருடைய பழைய குழுவின் இசையமைப்பு முறை உடன் வரவில்லை.

கான்சஸின் கதை இதற்கு நேர்மாறானது. டொபீகா நகரில் உருவான அக்குழு, 1975-இல் 'சாங் ஃபார் அமெரிக்கா' என்னும் தலைப்புப் பாடலைப் பத்து நிமிடங்களுக்கு விரித்து, ராபி ஸ்டைன்ஹார்ட்டின் வயலினுக்கும் கீபோர்டுக்கும் நெடிய இடம் தந்தது. மறு ஆண்டில் அதற்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்த 'கேரி ஆன் வேவர்ட் சன்' பாடலிலும், கெர்ரி லிவ்கிரன் அந்த முறையைக் கைவிடவில்லை: வாத்தியங்களின்றிக் குரல்கள் மட்டும் ஒலிக்கும் தொடக்கம், அதிரும் கிட்டார், திடீரென அடங்கும் சரணம், இடையிடையே ஆர்கன் என அத்தனை திருப்பங்களையும் ஐந்து நிமிடச் சொச்சத்தில் அடக்கியிருக்கிறார். வெகுசன வெற்றிக்காக நுட்பத்தை விட்டுக்கொடுக்காத இந்தப் பாடலையா எளிமையாக்கம் என்பது?

ஒரு சிகாகோ அரங்கின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் இழையாகக் கொண்டு 1981-இல் 'பாரடைஸ் தியேட்டர்' ஆல்பத்தை அமைத்த ஸ்டிக்ஸிடம், அந்தப் பாதிப்பு நாடகத்தன்மையாக வெளிப்படுகிறது. ஜர்னியைப் பொறுத்தவரை, 1977-இல் பாடகர் ஸ்டீவ் பெர்ரி வருவதற்கு முன் வெளிவந்த மூன்று ஆல்பங்களையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது முறையன்று.

எதிர்த்திசைப் பயணத்தையும் கட்டுரை தொடவில்லை. யெஸ், கிங் கிரிம்சன், எமர்சன் லேக் அண்ட் பால்மர் ஆகிய புரோக்ரெசிவ் குழுக்களில் வாசித்த ஸ்டீவ் ஹவ், ஜான் வெட்டன், கார்ல் பால்மர் ஆகியோர் ஜெஃப் டவுன்ஸுடன் இணைந்து, ஏஷியா என்ற பெயரில் 1982-இல் வெளியிட்ட முதல் ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 9 வாரங்கள் முதலிடம் வகித்தது. புரோக்ரெசிவ் கலைஞர்களே அரீனா ராக்குக்கு வந்த இந்தத் திருப்பத்தைத் தனிக் கட்டுரையாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்