நீலகிரியின் பொருளியல் ஆசிரியர்களுக்கு: இலை ரேட்டையும் பாடமாக்குங்கள்

மாவட்டத்தின் மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் பொருளியல் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி "விலை குறைந்தால் அளிப்பு குறையும்" என்று நாலைந்து தடவை சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மாதம் இலை ரேட், அதாவது பச்சைத் தேயிலைக்கு பேக்டரி தரும் விலை, இறங்கியிருந்தது. ஆனாலும் நாங்கள் ஒரு கிலோகூடக் குறைக்காமல் பறித்து அனுப்பியிருந்தோம். "நம்ம தோட்டத்துல ஏம்மா குறையல?" என்று கேட்டேன். "அது புத்தகத்துல இல்லப்பா" என்றாள்.

புத்தகத்தில் இருக்கிறது, அளிப்பு நெகிழ்ச்சி என்ற பெயரில்: விலை மாறும்போது விற்பனைக்கு வரும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் அது. தேயிலைச் செடி நல்ல பலனுக்கு வரவே சில வருடம் ஆகும். வந்துவிட்டால் ஐம்பது வருடத்துக்கு மேலும் நிற்கும். ரேட் விழுந்தது என்று அதைப் பிடுங்கிப்போட முடியுமா? பறிக்காமல் விட்டால் கொழுந்து முற்றிவிடும். பறித்ததை வீட்டில் வைக்கவும் வழியில்லை, அன்றைக்கே பேக்டரிக்குப் போயாக வேண்டும். இதே மலையில் பூண்டு போடுகிறவர் காயவைத்து, மேட்டுப்பாளையம் மண்டியில் விலை ஏறட்டும் என்று கொஞ்ச நாள் காத்திருக்கலாம். ஒரே மலை, இரண்டு விதமான நெகிழ்ச்சி. இதைவிட நல்ல உதாரணம் எந்த ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்கும்?

நானும் இதே பாடத்தைப் படித்து 1997-ல் பிளஸ் டூ முடித்தவன். அப்புறம் ஓரிரு வருடத்தில் இலை விலை சரிந்தது, எங்கள் வீட்டில் நகை அடகுக்குப் போனது. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்து, நீலகிரித் தேயிலைத் தூளை ஏராளமாக வாங்கிக்கொண்டிருந்த சந்தை குலைந்ததும் அதற்கு ஒரு காரணம். அது எனக்குப் புரியவே பத்து வருடம் ஆனது. பன்னாட்டு வணிகம் என்று ஒரு பாடத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்திருந்தேன், ஆனால் இங்கேயே நடக்கும் குன்னூர் தேயிலை ஏலத்தைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இன்னொரு வருத்தமும் உண்டு. பத்தாவதில் மார்க் குறைந்தவர்களை ஒதுக்கும் இடமாகத்தான் பொருளியல், வணிகவியல் படிக்கும் தேர்ட் குரூப்பைப் பலரும் பார்க்கிறார்கள். என் மகள் நல்ல மார்க் வாங்கி, விரும்பிக் கேட்டுச் சேர்ந்தாள். "சயின்ஸ் கிடைக்குமே, ஏன் இது?" என்று சேர்க்கை அன்று அவளிடம் கேட்டார்கள். தயவுசெய்து இனி எந்தப் பிள்ளையிடமும் அப்படிக் கேட்காதீர்கள்.

நான் கேட்பது பெரிதில்லை. பொருளியலுக்கு அகமதிப்பீட்டு மார்க் 10 இருக்கிறது. அதில் கொஞ்சத்தை, ஜூன் முதல் டிசம்பர் வரை இலை ரேட்டைக் குறித்து வரைபடம் போடும் பிள்ளைக்குக் கொடுங்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். அதையும் ஏலத்தில் தூள் போகும் விலையையும் வைத்து விவசாயிக்கு எவ்வளவு, பேக்டரிக்கு எவ்வளவு என்று அவர்களே கணக்குப் போடட்டும்.

ஒரு நாள் மதியம் பறித்த இலையை எடை போடும் எங்கள் ஊர் இலை ஷெட்டுக்கு வகுப்பை அழைத்து வாருங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. ஈரத்துக்கு என்று எடையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் தராசுப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

அன்புடன்,
ஒரு பிளஸ் ஒன் மாணவியின் அப்பா