அது வெறும் காகிதம் இல்லை, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மா,

ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை எந்த அரசு மதிக்கிறது, மீறினால் யார் கேட்கிறார்கள், வெறும் காகிதம்தானே அம்மா என்று போனில் கேட்டாய். உன் கோபம் நியாயம்தான். ஆனால் நீ வேலை பார்க்கும் ஜோகன்னஸ்பர்க்கை வைத்தே பதில் சொல்லத் தோன்றுகிறது.

1946-இல் தென்னாப்பிரிக்க அரசு, இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரம்பு கட்டிச் சட்டம் போட்டது. 1860-லிருந்து சென்னையில் கப்பலேறி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்களே நம் ஆட்கள், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதில் மாட்டினார்கள். நமக்கே சுதந்திரம் வராத நேரம், இருந்தும் இந்தியா அதை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. இந்தியாவுக்காக விஜயலட்சுமி பண்டிட் வாதாட, எதிர்ப்பக்கம் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றார். இத்தனைக்கும் ஐ.நா. சாசனத்தின் முகவுரையை எழுதியதில் முக்கியப் பங்கு அவருடையது! 32 நாடுகள் இந்தியா பக்கம் நின்றன, 15 எதிர்த்தன, தீர்மானம் நிறைவேறியது.

பெண்டாட்டியை அடிக்கிறவன் கதவைச் சாத்திக்கொண்டு இது எங்கள் குடும்ப விஷயம் என்பான் இல்லையா, அரசுகளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தப் பேச்சு அன்றைக்கு எடுபடவில்லை, எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

அப்புறம் 1948 டிசம்பர் 10, பாரிஸில் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 48, ஒதுங்கி நின்றவை 8, எதிர்த்து ஒரு நாடுகூட இல்லை. நிறவெறிக் கொள்கையோடு அதே வருஷம் ஆட்சியைப் பிடித்த தென்னாப்பிரிக்க அரசும் ஒதுங்கித்தான் நின்றது, வேண்டாம் என்று வெளிப்படையாகக் கை தூக்கவில்லை.

அந்தக் காகிதம் 1960-இல் ஷார்ப்வில்லில் நிறவெறிச் சட்டத்தை எதிர்த்துக் கூடிய கறுப்பின மக்களில் 69 பேரைக் கொன்ற போலீஸ் குண்டுகளைத் தடுக்கவில்லை என்பதும் உண்மை. கறுப்பின மக்கள் ஓட்டுப் போட 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை வாங்கித் தந்தவர்கள் தெருவில் இறங்கியவர்களும் சிறைக்குப் போனவர்களும்தான். ஆனால் அவர்கள் கேட்டது சலுகை இல்லை, உலகம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட உரிமை.

அங்கே அரசியல் சாசன நீதிமன்றத்தைப் பார்த்திருக்கிறாயா? காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த பழைய சிறை வளாகத்தில் இருக்கிறது, இடித்த சிறைக் கட்டடத்தின் செங்கற்களையே நீதிமன்ற அறைச் சுவரிலும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உரிமைகளுக்கு விளக்கம் சொல்லும்போது நீதிபதிகள் சர்வதேசச் சட்டத்தையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சாசனமே சொல்கிறது. ஒருநாள் லீவு பார்த்துப் போய்விட்டு வா, பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அம்மா